பச்சை விளக்கும் தேங்கிய வரிசையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில், நண்பர்கள் சிலர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக ஒரு சர்வரை நடத்திவருகிறோம். ஏறத்தாழ முந்நூறு பேர் அதில் எழுதுகிறார்கள். அது நின்றுபோனால் பயனர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரிகிறது. ஆகவே நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிப்பார்த்து, பதில் வராவிட்டால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் திறமூலக் கருவி ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். நேகியாஸ், அப்டைம் கூமா போன்ற கண்காணிப்புக் கருவிகள் இருக்கும்போது இது வீண் உழைப்பு என்கிறார் உடனிருக்கும் நண்பர். அவர் சொல்வது சரியா? எழுதுவதென்றால் எதில் கவனம் வைக்க வேண்டும்?

செ.

அன்புள்ள செ.,

தட்டிப்பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் உங்கள் நண்பர் சொல்வது சரிதான். 2021இல் வெளிவந்த அப்டைம் கூமாவைச் சிறிய சர்வர் ஒன்றில் அரை மணி நேரத்தில் நிறுவிவிடலாம். அது அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் சமூக சர்வர்கள் பெரும்பாலும் முழுதாக விழுவதில்லை. பாதி செத்த நிலையில் மணிக்கணக்காக நிற்கின்றன. அந்த நிலையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு இன்னும் இடமிருக்கிறது என்பதால் நீங்கள் எழுதத்தான் வேண்டும் என்கிறேன்.

மாஸ்டடானில் பக்கங்களைக் காட்டுவது பியூமா என்னும் நிரல். நீங்கள் எழுதிய பதிவைப் பிற சர்வர்களுக்குக் கொண்டுசேர்ப்பது சைட்கிக் என்னும் வேறொரு நிரல். இத்தகைய பணிகளை அது ஒரு வரிசையில் வைத்து முடிக்கிறது. நான் பொறுப்பிலிருந்த சர்வரில் ஒருமுறை சைட்கிக் இரவில் நின்றுவிட்டது. பக்கம் திறந்தது, பதிவு எழுத முடிந்தது, கண்காணிப்புப் பலகையில் விடியும்வரை பச்சை விளக்கே எரிந்தது. ஆனால் ஒருவர் எழுதியதுகூட வெளியே போகவில்லை. காலையில் பார்த்தபோது வரிசையின் தலையிலிருந்த பணி ஏழு மணி நேரமாகக் காத்துக்கிடந்தது. ட்விட்டர் கைமாறிய 2022 அக்டோபர் இறுதிக்குப் பிறகு மாஸ்டடானுக்குப் பெருங்கூட்டம் வந்த வாரங்களிலும் பல சர்வர்களைத் திணறவைத்தது இந்த வரிசைதான்.

ஆகவே உங்கள் கருவி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வரிசையில் மிகப் பழைய பணி எத்தனை நொடிகளாகக் காத்திருக்கிறது என்பது. சைட்கிக்கே இந்த எண்ணைத் தருகிறது. வரிசையின் நீளத்தைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஆயிரம் பணிகள் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடலாம், பத்துப் பணிகள் மணிக்கணக்கில் முடங்கியும் கிடக்கலாம். இதற்கு அடுத்த படியையும் முயன்று பாருங்கள். உங்கள் சர்வரில் ஒரு சோதனைக் கணக்கையும், ஒப்புக்கொள்ளும் நண்பரின் சர்வரில் இன்னொன்றையும் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை முதல் கணக்கிலிருந்து இரண்டாவதற்குத் தனிச்செய்தி அனுப்பி, அது போய்ச்சேர எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். தனிச்செய்தி என்பதால் பொதுவெளியில் குப்பை சேராது. எனினும் பழையவற்றை அழித்துவிடுவது நல்லது.

கருவியை அதே சர்வரிலோ அதே நிறுவனத்தின் வேறொரு சர்வரிலோ நிறுவாதீர்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்னும் கோப்புச் சேமிப்புச் சேவை நின்றபோது, சேவைகளின் நிலையை அறிவிக்கும் அமேசானின் சொந்தப் பக்கத்தையே முதலில் புதுப்பிக்க முடியாமல் போனது, அந்தப் பக்கமும் எஸ்3ஐச் சார்ந்திருந்ததால். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது இது. கருவியே நின்றுபோனால் அதைச் சொல்லவும் ஒரு வழி வேண்டும். வேறிடத்திலுள்ள ஒரு சேவைக்கு அது ஐந்து நிமிடத்துக்கொருமுறை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கட்டும். குரல் நின்றால் அங்கிருந்து உங்களுக்குச் செய்தி வரட்டும். இரவில் எடுக்கும் காப்புநகலுக்கும் இதே முறை பொருந்தும்.

தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கு (https) வேண்டிய சான்றிதழையும் வெளியிலிருந்துதான் சோதிக்க வேண்டும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் பரவலாக வழங்கிவருவது 90 நாள் சான்றிதழ். அது தானாகவே புதுப்பிக்கப்பட்டாலும், வாசலில் நின்று இணைப்புகளை ஏற்கும் என்ஜின்எக்ஸ் நிரலை மறுபடி ஏற்ற மறந்தால் வட்டில் புதியது இருக்க, வருபவர்களுக்குப் பழையதே போய்க்கொண்டிருக்கும்.

பொய் எச்சரிக்கையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எனக்கு இது பெரிய கவலை. இந்தச் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் சம்பளமில்லாத ஓரிருவர். அவர்களைக் காரணமின்றி அதிகாலை மூன்று மணிக்கு இரண்டு முறை எழுப்பிவிட்டால், மூன்றாம் முறை கைபேசி ஒலியற்றுக் கிடக்கும். ஒரு சோதனை தோற்றதும் கத்தாமல், இருபது நொடி கழித்து மறுபடி பார்த்து, வேறொரு வலைப்பின்னலில் உள்ள இரண்டாம் இடத்திலிருந்தும் பார்த்த பிறகே எழுப்பட்டும். 99.9 விழுக்காடு இயங்கும் சர்வர்கூட 30 நாளில் 43 நிமிடம் நிற்கலாம் என்பதை நினைத்தால், ஒரு நிமிடத் தாமதம் பெரிதல்ல. வட்டு நிரம்பிவருவது போன்றவற்றுக்குப் பகலில் ஒரு மின்னஞ்சல் போதும், தூக்கத்தைக் கெடுக்கத் தேவையில்லை.

தரவுக்கு எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுத்தளம் தாராளமாகப் போதும். உரிமத்தைப் பொறுத்தவரை, மாஸ்டடானைப் போலவே ஏஜிபிஎல் என் விருப்பம். அதன்படி, கருவியை மாற்றியமைத்துச் சேவையாக நடத்துபவரும் மூலநிரலை அதன் பயனர்களுக்குத் தர வேண்டியிருக்கும்.

வரிசையின் காத்திருப்பு நேரத்தை அளக்கும் பகுதி முடிந்தவுடன், மற்றவை அரைகுறையாக இருந்தாலும், நிரலைப் பொதுவில் வைத்துவிட்டு எழுதுங்கள். இங்கே ஒரு வாரம் ஓட்டிப்பார்த்து, கண்ட பிழைகளை அனுப்புகிறேன்.