ஆறு துண்டு மிட்டாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலன்ஸ்கி இயக்கிய ‘தி பியானிஸ்ட்’ படத்தை அண்மையில் பார்த்தேன். நாஜிகள் பிடித்த போலந்துத் தலைநகர் வார்சாவில் சிக்கிய யூதப் பியானோ கலைஞர் ஸ்பில்மன் எங்கும் எதிர்த்து நிற்பதில்லை; ஒளிகிறார், பசியில் வாடுகிறார், மீண்டும் ஒளிகிறார். இறுதியில் ஒரு ஜெர்மானிய அதிகாரி அவர் வாசிப்பில் உருகி அவரைக் காப்பாற்றுகிறார். கலை மனிதத்தை மீட்கும் என்பதுதான் படம் சொல்வதா? அப்படியென்றால், பியானோ வாசிக்கத் தெரியாமல் மாண்டவர்களுக்கு அதில் என்ன இடம்?

ம.

அன்புள்ள ம.,

படம் அப்படிச் சொல்வதாக நான் கருதவில்லை. ஆனால் உங்களுக்கு அப்படித் தோன்றியதில் போலன்ஸ்கிக்கும் பங்குண்டு. 1944 நவம்பரில், இடிபாடாகிவிட்ட வார்சாவில், அந்த ஜெர்மானிய அதிகாரியான கேப்டன் ஹோசன்ஃபெல்டின் முன் தாம் வாசித்தது, போலந்து இசையமைப்பாளர் ஷோப்பினின் ஒரு நாக்டர்ன் (அமைதியான, சிறிய பியானோ இசைத்துண்டு) என்று ஸ்பில்மன் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டாண்டுகளுக்கு மேல் பயிற்சியற்றுக் கிடந்த விரல்களுக்கு அதுவே அதிகம். படத்திலோ அவர் வாசிப்பது ஷோப்பினின் முதல் பலாட் என்ற நீண்ட, கடினமான இசைத்துண்டு. பெரிய அரங்குகளில் கைதட்டல் பெறுகிற படைப்பு. அதனால் காட்சி உயர்ந்தது. இசை கேட்ட கணத்தில் ஓர் அதிகாரி மனம் திரும்பினார் என்ற எண்ணமும் கூடவே பார்ப்பவர் மனத்தில் விழுந்துவிட்டது.

உண்மையில் ஹோசன்ஃபெல்ட் அன்று திருந்தியவர் அல்லர். யூதர்கள் கொல்லப்படுவதைக் குறித்து வெட்கத்தோடு நாட்குறிப்பு எழுதிவந்தவர். ட்ரெப்ளிங்கா என்ற நாஜிக் கொலைமுகாமுக்குச் சென்ற ரயிலிலிருந்து தப்பி வந்த ஒருவருக்குப் பொய்ப் பெயரில் வேலை கொடுத்துக் காத்தவர். அந்த மனிதரிடம் அவர் எதையும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர் 1952இல் சோவியத் சிறைமுகாமில் இறந்தார். அவரை மீட்க ஸ்பில்மன் எடுத்த முயற்சி பலிக்கவில்லை.

ஸ்பில்மன் எதிர்க்கவே இல்லை என்பதும் முழுச் சரியன்று. யூதர்கள் அடைத்துவைக்கப்பட்ட பகுதியான கெட்டோவுக்குள் துப்பாக்கிகள் கடத்தப்படுவதற்கு அவர் உதவுவதைப் படம் காட்டுகிறது. ஆயினும் அவர் பிழைத்தது அதனாலும் அன்று. 1942 ஆகஸ்டில் ரயிலேறும் வரிசையிலிருந்து அவரைப் பிடித்து வெளியே இழுத்தவர், அதே மக்களை வண்டிக்குள் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்த யூதக் காவலர்களுள் ஒருவர். பின்னாளில் ஒளிவிடத்தில் அவரைப் பட்டினி போட்டவரோ, அவர் பெயரைச் சொல்லி நல்லவர்களிடம் பணம் திரட்டிய ஒரு வானொலித் தொழில்நுட்பர். யாரிடம் ஈரம் இருக்கும், யாரிடம் இருக்காது என்று உடையைக் கொண்டு கணிக்க இந்தப் படம் நம்மை விடுவதில்லை. கிராக்கோ கெட்டோவில் சிறுவனாக இருந்து, தாயை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் பறிகொடுத்தவர் எடுத்த படம் இது என்பதை இங்கே மறக்க முடியாது.

பியானோ தெரியாதவர்களின் இடத்தைக் கேட்டிருந்தீர்கள். 1942 கோடையில் வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,65,000 பேர். ரயிலுக்குக் காத்திருக்கும் திடலில், கொள்ளை விலைக்கு மிட்டாய் விற்கும் ஒரு சிறுவனிடம் ஸ்பில்மனின் தந்தை ஒரே ஒரு கேரமல் வாங்குகிறார்; பேனாக்கத்தியால் அதை ஆறாக நறுக்கி, மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுத் தமக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறார். சற்று நேரத்தில் அவர்களில் ஐவர் வண்டியேறுகிறார்கள். கேமரா அவர்களோடு ஏறவில்லை. அழுதுகொண்டே ஆளில்லாத தெருவில் திரும்பி நடக்கும் ஆறாமவருடன் நின்றுவிடுகிறது.