நைஜர் டெல்டா மக்களுக்கு வளர்ச்சி என்றால் என்ன? கேள்வி பதில்

நைஜீரியாவின் தெற்கே, எண்ணெய் எடுக்கும் நைஜர் டெல்டாவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த மக்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

செந்தில்: இத்தனை வருடமாக எண்ணெய் எடுக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கையில் ஏன் காசு இல்லை?

1956-ல் டெல்டாவின் ஒலொய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது, 1958-ல் ஏற்றுமதி தொடங்கியது. மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெய் முழுக்க மத்திய அரசுக்குத்தான் சொந்தம் என்கிறது சட்டம். வருமானம் தலைநகர் அபுஜாவுக்குப் போய், அதில் குறைந்தது 13 சதவீதம் எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்குத் திரும்புகிறது. ஆனால் மாநிலத் தலைநகரைத் தாண்டி உப்பங்கழியோரக் கிராமம் வரை அது வந்து சேர்வது அபூர்வம். ஒலொய்பிரியின் அந்த முதல் கிணறு எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது.

மீனா: என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டால் முதலில் எதைச் சொல்வார்கள்?

தண்ணீர். அப்புறம் மீன். டெல்டாவில் வாழும் ஒகோனி மக்களின் பகுதியை ஆராய்ந்த ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் அறிக்கை தந்தது. அங்கே ஒகாலே என்ற ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைவிட 900 மடங்குக்கு மேல் இருந்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருடம் ஆகலாம் என்றார்கள்.

போடோ ஊரில் 2008-ல் ஷெல் நிறுவனத்தின் குழாய் இரண்டு முறை கசிந்து, கழி முழுக்க எண்ணெய் பரவியது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே சேற்றில் குனிந்து பெண்கள் நத்தை பொறுக்குவார்கள். அதை விற்ற காசில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படிப்பு நடந்தது. வேர்கள் கறுத்துச் செத்த பிறகு அந்தச் சேற்றில் பொறுக்க ஒன்றுமில்லை. 2015-ல் ஷெல் 5.5 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அதில் ஒரு பகுதி ஊருக்குப் பொதுவாகப் போக, மீதியில் சுமார் 15,600 பேருக்கு, ஆளுக்கு 2,200 பவுண்டு போலக் கிடைத்தது. பாட்டன் காலம் முதல் சோறு போட்ட கழிக்கு இது ஈடாகாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ராஜா: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டித் தருகிறார்களே சார்?

கட்டுகிறார்கள். நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரியைப் பார்த்திருக்கிறேன். டெல்டாவுக்கென்று 2000-ல் அரசு ஓர் ஆணையமே அமைத்தது. 2021-ல் தணிக்கை செய்தபோது அதன் 13,000-க்கும் மேற்பட்ட திட்டங்களில் கோளாறு என்று தெரிந்தது. அதே வருடம் வந்த பெட்ரோலியச் சட்டம், கம்பெனிகளின் இயக்கச் செலவில் 3 சதவீதத்தை ஊர் நிதிக்குத் தரச் சொல்கிறது. மக்கள் கேட்டது 10. அதிலும், குழாயை யாராவது சேதப்படுத்தினால் பழுதுபார்க்கும் செலவை ஊரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். யாரோ செய்ததற்கு ஊரே தண்டம் கட்டுவது எந்த வகை நியாயம்?

ஃபாத்திமா: வாயுவை எரிக்கிறார்களாமே?

ஆமாம், எண்ணெயோடு வரும் வாயுவை அப்படியே கொளுத்திவிடுகிறார்கள். உகெல்லி பக்கம் அந்தத் தீயின் வெக்கையில் பெண்கள் மரவள்ளி மாவைப் பரப்பிக் காயவைப்பார்கள். வெயிலைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். புகையையும் அவர்கள்தான் சுவாசிக்க வேண்டும். பக்கத்திலேயே மின்சாரம் இல்லாத வீடுகள் இருக்கின்றன.

கார்த்திக்: உள்ளூர் இளைஞர்களே எண்ணெய் திருடிக் காய்ச்சுகிறார்களே, அதுவும் நாசம்தானே?

நாசம்தான், மறைக்க வேண்டியதில்லை. அப்படிக் காய்ச்சும் புகையால் போர்ட் ஹார்கோர்ட் நகரில் ஜன்னல் விளிம்பைத் தடவினால் விரலில் கரி ஒட்டும். ஆனால் கழி செத்து, கம்பெனியிலும் வேலை கிடைக்காத பையன் வேறென்ன செய்வான் என்றும் கேட்க வேண்டும். 1990-லேயே ஒகோனி மக்கள் உரிமைச் சாசனம் எழுதினார்கள். தங்கள் விவகாரங்களைத் தாங்களே நடத்தும் உரிமை, வளத்தில் நியாயமான பங்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கேட்டார்கள். அந்த இயக்கத்தை நடத்திய கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் ராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. நிலைமை அப்போதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒகாலே, பில்லே ஊர்க்காரர்கள் எண்ணெய் மாசுக்காக ஷெல் மீது லண்டனிலேயே வழக்கு நடத்தலாம் என்று 2021-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.