முதலில் ஒரு பெட்டி

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் கணக்கு வேலை பார்க்கிறேன். பழைய சாமான் கடையில் ஓர் இழைப்புளியும் இரண்டு உளிகளும் வாங்கி ஆறு மாதமாகிறது. யூடியூப் பார்த்ததுதான் மிச்சம், தொடங்கிய முக்காலி இன்னும் முடியவில்லை. கைக்கருவிகளால் மட்டும் மரவேலை கற்க நல்ல புத்தகங்கள் சொல்வீர்களா? ஆங்கிலமானாலும் சரி, எவ்வளவு பழசானாலும் சரி.

ச.

அன்புள்ள ச.,

இருபது பெயர் சொல்லலாம். இருபதையும் வாங்கி அடுக்குவீர்கள், முக்காலி அப்படியே கிடக்கும். நானும் அந்த வழியாக வந்தவன்தான். இப்போதைக்கு ஒன்று போதும்: ராபர்ட் வேரிங்கின் 'தி எசென்ஷியல் வுட்வொர்க்கர்', 1988இல் வந்தது.

பலகையைச் சதுரமாக்கும் வரிசைக்காகவே அதை வாங்கலாம். முதலில் ஒரு முகத்தை மட்டும் தட்டையாக இழைக்க வேண்டும். நேரான இரண்டு குச்சிகளைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, அவற்றின் மேல்விளிம்புகளை ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பலகையின் முறுக்கு தெரிந்துவிடும். தட்டையான முகத்தில் பென்சிலால் ஒரு சுழி. அதன் வால் எந்த விளிம்பைத் தொடுகிறதோ, அதை மூலைமட்டம் வைத்து அடுத்து இழைக்க வேண்டும். அப்புறம் அகலம், கனம் எல்லாம் இந்த இரண்டு பக்கங்களிலிருந்துதான் அளக்க வேண்டும். இது தெரியாமல் நான் செய்த முதல் ஸ்டூல், எந்த மூன்று காலில் நிற்கட்டும் என்று உட்காருபவரையே கேட்டது.

அதற்கும் முன்னால் உளியைத் தீட்டுங்கள். 25 பாகை, 30 பாகை என்று புத்தகங்கள் கோணம் சொல்லும், சரிதான். ஆனால் கல்லில் தேய்க்கத் தேய்க்க, முனைக்குப் பின்புறம் மயிரிழையாக ஒரு பிசிறு எழும். விரலை முனையிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் தட்டுப்படும். அது முழு அகலத்துக்கும் வரும்வரை கல்லை விடாதீர்கள்.

பழசு கேட்டீர்கள். 1839இல் லண்டனில் ஆசிரியர் பெயரில்லாமல் 'தி ஜாய்னர் அண்ட் கேபினட் மேக்கர்' என்றொரு சின்னப் புத்தகம் வந்தது. 2009இல் மறுபதிப்பும் வந்தது. தாமஸ் என்ற பையன் பட்டறையில் சேர்ந்து மூன்று சாமான் செய்கிற கதை. ஆணியடித்த சரக்குப் பெட்டி, புறாவால் இணைப்பு (டவ்டெயில், புறா வால்போல விரிந்த பற்களைக் கோக்கும் முறை) போட்ட பள்ளிக்கூடப் பெட்டி, கடைசியில் இழுப்பறைகள் கொண்ட பீரோ. அந்த வரிசையை யோசித்தவர் பையன்களைப் பழக்கியவராகத்தான் இருக்க வேண்டும். முக்காலியின் சாய்ந்த கால்கள் முதல் வேலைக்கு ஆகாது. அதை ஒதுக்கிவையுங்கள், பெட்டியில் தொடங்குங்கள்.

1678இல் லண்டனில் வெளிவரத் தொடங்கிய ஜோசப் மாக்சனின் 'மெக்கானிக் எக்சர்சைசஸ்' நூலை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். அவர் தச்சரல்ல, அச்சுக்காரர். 1769 முதல் பாரிஸில் எழுதிய ரூபோ தானே தச்சர். இரண்டுக்கும் இப்போது அவசரமில்லை.

இரவில் படிக்க ஜார்ஜ் ஸ்டர்ட்டின் 'தி வீல்ரைட்ஸ் ஷாப்' (1923). பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1884இல் அப்பா இறந்ததும் இங்கிலாந்தின் ஃபார்னம் ஊரில் குடும்பத்து வண்டிப்பட்டறையை ஏற்க வேண்டிவந்தது. வேலை தெரியாத முதலாளி! வண்டிச்சக்கரம் ஏன் சாப்பாட்டுத் தட்டுபோலக் குழிவாக இருக்கிறது என்பது அவருக்குப் பல வருஷம் புரியவில்லை. குதிரை அடியெடுத்து வைக்கும்போது வண்டி இடமும் வலமும் அசைகிறது, பாரம் பக்கவாட்டில் சக்கரத்தை இடிக்கிறது, குழிவு அதைத் தாங்குகிறது என்று தானே யோசித்துத்தான் கண்டுபிடிக்கிறார். சரியாகச் செய்தவர்களிடம் காரணம் கேட்டால் கிடைத்திராது. நம்மூர் ஆசாரியிடம் கேட்டுப் பாருங்கள், "அப்படித்தான் வைக்கணும்" என்பார்.

புதுச்சேரிக்காரர் என்பதால் இன்னொன்று. உங்கள் ஊர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1930களின் கடைசியில் எழும்பியபோது அங்கே நின்று கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. அப்போது கட்டடக் கலைஞர். போர்க்காலத்தில் அமெரிக்கத் தடுப்பு முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலை கற்று, பிறகு மேசை நாற்காலி செய்து பேர்பெற்றார். அவருடைய 'தி சோல் ஆஃப் எ ட்ரீ' (1981) அழகான புத்தகம். அதை வைத்து ஒரு இணைப்புகூடப் போடக் கற்க முடியாது, அதனால் கடைசியில் வாங்குங்கள்.

பெட்டிக்குத் தேக்கு வேண்டாம். இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளைப் பிரித்து விற்பார்கள், அந்தப் பலகை போதும். இழைக்குமுன் காந்தத்தை மேலே ஓட்டிவிடுங்கள். உடைந்த ஆணி ஒன்று உள்ளே இருந்தால் தீட்டிய உளியை மறுபடி முதலிலிருந்து தீட்ட வேண்டிவரும்.