எல்லாவற்றுக்கும் ஏன் ‘ஸ்கேனர்’ என்றே பெயர்?

‘மருத்துவமனையில் ஸ்கேன், கடையில் ஸ்கேன், அலுவலகத்தில் ஸ்கேன், கணினியில் வைரஸ் ஸ்கேன். இத்தனைக்கும் ஒரே பெயர் ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ ‘ஸ்கேன் பண்ணி அனுப்பு’ என்று சொல்லி, எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் முழித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் கதை அதைவிட மோசம்.

ஒன்பது வருடமாகப் பழைய கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் ‘ஸ்கேன் சென்டரில்’ இருக்கிறேன். ஒரு நாள் சித்தி போன் செய்து, “தினமும் ஸ்கேன் எடுக்கிறியே, அந்தக் கதிர் உடம்புக்கு ஒத்துக்குதாடா?” என்றார். என் மெஷினில் இருப்பது ஒரு எல்இடி விளக்கும் ஒரு சென்சாரும் சித்தி, அதில் கையை வைத்தாலும் கைரேகைதான் தெரியும், எலும்பு தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.

அப்புறம் அவருக்கே சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நான் துறை ஆள் அல்லவா, துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டார். அவரைப் படுக்க வைத்த பலகை மெதுவாக அந்த வளையத்துக்குள் நகர்ந்ததைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்குச் சட்டென்று எங்கள் அலுவலக மெஷின்தான் ஞாபகம் வந்தது. கண்ணாடித் தட்டில் காகிதத்தை வைத்தால் காகிதம் சும்மா இருக்கும், விளக்கு நகரும். மேலே இருக்கிற ஃபீடரில் கட்டாகப் போட்டால் சென்சார் சும்மா இருக்கும், காகிதம் நகரும். சிடியில் இரண்டும் நடக்கிறது: எக்ஸ்ரே குழாய் சுற்றுகிறது, ஆளும் நகர்கிறார். சித்தி அன்றைக்கு ஃபீடரில் போன காகிதம். (இதை அவரிடம் சொல்லவில்லை.)

உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. ஒன்றை மொத்தமாக ஒரே பார்வையில் பிடிக்காமல், வரி வரியாக, துண்டு துண்டாக அளந்து, எந்த அளவு எந்த இடத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு கடைசியில் சேர்த்துப் பார்ப்பதுதான் ஸ்கேன். கடையில் லேசர் கருவி பார்கோடில் கருப்புக் கோடும் வெள்ளை இடைவெளியும் எவ்வளவு அகலம் என்று அளக்கிறது. வைரஸ் ஸ்கேன் கோப்பு கோப்பாகப் போய்த் தெரிந்த அடையாளத்தோடு ஒப்பிடுகிறது, அதில் விளக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. எம்ஆர்ஐ காந்தத்தையும் ரேடியோ அலையையும் வைத்து வேலை செய்வது, வயிற்றுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் வெறும் ஒலி, இரண்டிலும் எக்ஸ்ரே கிடையாது. மருத்துவத் துறைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம், பாமரனுக்குப் புரிகிற அளவில்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் செய்யுளுக்குத்தான் இருந்தது. அடியைச் சீர் சீராகப் பிரித்துப் பார்ப்பது. நாம் பள்ளியில் நேர், நிரை என்று அலகிட்டு வாய்பாடு எழுதினோமே, அதேதான். தமிழில் ஸ்கேனருக்கு ‘வருடி’ என்று பெயர் வைத்தவரைக் கும்பிடலாம், என் மெஷின் காகிதத்தை வருடத்தான் செய்கிறது. ஆனால் சிடி மெஷினை வருடி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

சிடியைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். சிடியை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் அந்தக் கருவியில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971இல். அதற்கு 14 வருடம் முன்பே, 1957இல், அமெரிக்கக் கணினி ஆள் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் போட்டோவை டிரம் ஸ்கேனரில் (படத்தைச் சுழலும் உருளையில் சுற்றி வாசிக்கும் மெஷின்) வைத்துக் கணினிக்குள் ஏற்றிவிட்டார். 176க்கு 176 புள்ளி, அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், எடுத்தால் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளி. எங்கள் வம்சம்தான் மூத்தது என்று சொல்ல வந்தேன்.

மொபைலில் போட்டோ எடுத்து ‘ஸ்கேன்’ என்று அனுப்புவதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. மொபைல் சென்சாரும் வரி வரியாகத்தானே வாசிக்கிறது என்று ஒருவர் வருவார், தெரியும். வரட்டும். பெருவிரல் நிழல் விழுந்த ஸ்கேன் உலகத்தில் கிடையாது.

சொல்ல வந்ததோடு சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஓர் அலுவலகம் என்னிடம் ஒரு படிவம் கேட்டது. அவர்களே மெயிலில் அனுப்பிய பிடிஎஃப். அதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, 200 கேபிக்குள் ஏற்ற வேண்டுமாம். ஐந்து பக்கம். 600 டிபிஐயில் அழகாக எடுத்தேன், ஏறவில்லை. 300, ஏறவில்லை. கருப்பு வெள்ளையாக்கிக் கசக்கிப் பிழிந்து 196 கேபிக்குக் கொண்டுவந்து ஏற்றினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: ‘ஆவணம் தெளிவாக இல்லை. நல்ல ஸ்கேனரில் எடுத்து அனுப்பவும்.’