செமினார் என்றால் நாற்றங்கால்

கேள்வி: என் மகள் எம்.ஏ. வரலாறு முதல் வருஷம். ‘சோழர் உள்ளாட்சி’ என்ற தலைப்பில் அடுத்த வாரம் செமினார் எடுக்க வேண்டுமாம். பிள்ளைகளைப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டு, வாத்தியார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறாராம். இது என்ன நியாயம்?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அப்படித் திருத்தியவர்களில் நானும் ஒருவன், அம்மா. செமஸ்டர் முடிய மூன்று வாரம் இருக்கும், இரண்டு யூனிட் பாக்கி கிடக்கும். ஆளுக்கொரு தலைப்பாகப் பிரித்துக் கொடுத்தால் போர்ஷனும் முடிந்தது, இன்டர்னல் மார்க்கும் போட்டாயிற்று. அந்தக் காலத்தில் கைடைப் பார்த்து ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதிவந்து தலை நிமிராமல் வாசிப்பார்கள். இப்போது அதே சரக்கு பி.பி.டி.யில் வருகிறது, கடைசி ஸ்லைடில் ஒரு ரோஜாப்பூவோடு. “எனி டவுட்ஸ்?” என்றதும் வகுப்பே கைதட்டும். இன்று நாம் கேட்டால் நாளை நம்மைக் கேட்பார்களே!

அசல் சங்கதி வேறு. ‘செமினாரியம்’ என்ற லத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். டெல்டாக்காரரான உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் 1787இல் வுல்ஃப் என்ற பேராசிரியர் நடத்த ஆரம்பித்த செமினாரில், பழைய கிரேக்க, லத்தீன் நூல்களுக்கு மாணவர்களே பொருள் சொல்ல வேண்டும். பிறகு பெர்லினில் வரலாற்றுப் பேராசிரியர் ராங்கே, மாணவர்களை வீட்டுக்கே வரச்சொல்லி மூல ஆவணங்களை முன்னால் வைத்தார். ஒருவர் எழுதிவந்ததை மற்றவர்கள் அலசிக் காயப்போடுவார்கள். அங்கே பழகிய வைட்ஸ் என்ற மாணவர் ஜெர்மன் மன்னர் முதலாம் ஹென்றியைப் பற்றி எழுதியது 1837இல் புத்தகமாகவே வந்தது.

மகளிடம் சொல்லுங்கள்: சோழர் உள்ளாட்சி மொத்தத்தையும் தலையில் சுமக்க வேண்டாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டு போதும். குடவோலையில் பெயர் எழுத வயது வரம்பு, 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 30 முதல் 60. 921இல் 35 முதல் 70.

ஒரு வருஷம் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்கவில்லை. கால்மணி நேரம் ஃபேன் சத்தம்தான். ஜன்னலோரப் பெண் ஒருத்தி எழுந்தாள். “ரெண்டே வருஷத்துல மாத்தியிருக்காங்கன்னா முதல் ஏற்பாடு யாருக்கோ இடிச்சிருக்கு சார். யாருக்கு?” எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். “அறுபது தாண்டின பெருசுங்க சண்டை போட்டிருப்பாங்க” என்றான் ஒருவன். “அப்ப முப்பதை ஏன் முப்பத்தஞ்சு ஆக்கினாங்க?” என்று அவள் விடவில்லை. மணி அடித்தது. அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்று விடைத்தாள் கட்டை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கேள்வி: ‘தேசியக் கருத்தரங்கு’ என்று கல்லூரி வாசலில் பேனர் கட்டுகிறார்களே, அதுவும் செமினார்தானா?
– ஒரு மாணவர், தேனி

பதில்: அங்கே குத்துவிளக்கு, பொன்னாடை, மதியச் சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் உண்டு. கட்டுரை வாசிக்க ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். மூன்றாவது நிமிஷத்தில் துண்டுச்சீட்டு வரும்.