சீம் வெல்டிங் செய்தால் காரின் சேசிஸ் உண்மையிலேயே உறுதியாகுமா?

ஆகும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேசிஸ் எனும் தனி அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை ஒட்டிச் செய்த பாடியே எலும்புக்கூடு. தொழிற்சாலையில் அந்தத் தகடுகளைச் சில சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பற்றவைப்பார்கள். வேகம், செலவுக் குறைவு. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே விளிம்பு நெடுக வெல்டிங் போடுவதுதான் சீம் வெல்டிங்.

வயிறு முட்டச் சாப்பிட்டு உட்காரும்போது சட்டை பொத்தானில் பிளக்காது, இரண்டு பொத்தான்களுக்கு நடுவில்தான் வாய் திறக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும் காரிலும் அப்படித்தான், தகடுகள் புள்ளிகளுக்கு இடையே இம்மி நகரும், பாடி முறுக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியை அடைத்தால் முறுக்கம் குறையும். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் தன் வேலையைச் சரியாகச் செய்யும். ராலி கார்களில் இது பழைய வழக்கம்.

ஒரே மூச்சில் நீளமாக இழுத்தால் சூட்டில் தகடு கோணிக்கொள்ளும். அதனால் சிறு சிறு துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றிப் போடுவார்கள். வெல்டிங் சூடு துத்தநாகப் பூச்சையும் எரித்துவிடும். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அந்த இடம் சும்மா இருக்குமா? மறுபடி பிரைமர், சீலர் பூசாவிட்டால் துரு நிச்சயம்.

மலேசியாவின் செப்பாங் பந்தய டிராக்குக்கு அடிக்கடி போகிறவருக்கு இது பயன்படும். தீவு விரைவுச்சாலையில் வேலைக்குப் போய்வர வீண் செலவு. அப்புறம், சிங்கப்பூரில் காரில் கைவைப்பதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள்.

இறுக்கமான கார் என்றால் விபத்தில் அதிகப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளவே வடிவமைக்கப்பட்டது, அதையும் இறுக்கினால் அடி உள்ளே இருப்பவருக்குத்தான்.