பணித்தளத்திலிருந்து திரும்பிய தம்பிக்கு

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு அருகிலுள்ள கிராமம் என்னுடையது. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளில், மால்டோ மக்களிடையே மூன்று ஆண்டுகள் மிஷனெரியாக இருந்தேன். அடிக்கடி வந்த மலேரியாவால் சென்ற ஆண்டு ஊர் திரும்பி, மாமாவின் பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறேன். சபையில் எல்லாரும் கேட்பது, "எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் செய்தாய்?" என்பதுதான்; எத்தனை பேரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்தாய் என்று அர்த்தம். சொல்வதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை. எனக்கு மொழி கற்றுத்தந்த தாத்தா ஒருவரின் நட்பு மட்டுமே மிச்சம். வியாழக்கிழமைச் சந்தைக்கு இறங்கி வரும்போதுதான் அவருக்குப் போன் சிக்னல் கிடைக்கும். வெட்கத்தால் ஆறு மாதமாகப் பேசவில்லை. அந்த மூன்று ஆண்டுகள் வீண்தானா?

பதில்: அன்புத் தம்பி, முதலில் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். மலேரியாவில் ஒரு வகை கல்லீரலில் பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். அதை வேரறுக்க 14 நாள் சாப்பிடும் மாத்திரை தனியாக உண்டு. அதை முழுமையாகச் சாப்பிட்டீர்களா இல்லையா என்பதை மருத்துவரிடம் சொல்லி, இனி என்ன செய்வது என்று கேளுங்கள்.

1793-இல் வங்காளத்தில் வந்திறங்கிய ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரி, அங்கே முதன்முதலாக மனந்திரும்பிய வங்காளியான தச்சர் கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில்தான். இதைச் சொல்லி உங்களைத் தேற்றுவார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஏழு ஆண்டு பொறுத்திருந்தால் எண்ணிக்கை வந்திருக்கும் என்று அது மறுபடியும் கணக்கிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

நீங்கள் கற்ற மொழியையே எடுத்துக்கொள்வோம். தமிழுக்கு உறவான மால்டோவில் 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்'. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', அவரை விலக்கிச் சொன்னால் 'ஏம்'. நாமும் 'நாம்', 'நாங்கள்' என்று பிரித்துத்தானே பேசுகிறோம்; இந்தியிலோ இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். முதல் ஆண்டில் உங்கள் வாயில் 'ஏம்' வந்திருக்கும்: நாங்கள் வந்திருக்கிறோம், நாங்கள் உதவி செய்கிறோம். பிறகு ஒருநாள், அந்தத் தாத்தாவின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, யோசிக்காமலேயே 'நாம்' என்று வந்திருக்குமே, அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

எனக்கு என்னுடைய நாள் நினைவிருக்கிறது. குஜராத்தின் டாங் மாவட்டத்தில் நர்ஸாக ஊழியம் செய்தபோது, மருந்து கொடுக்கிறவள் நான், வாங்கிக்கொள்கிறவர்கள் அவர்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து எழ முடியாமல் கிடந்தேன். நான் மருந்து கொடுத்து வந்த ஒரு பாட்டி, கேழ்வரகு மாவை உள்ளங்கையில் தட்டி ரொட்டி சுட்டு, அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் பருப்பில் ஊறவைத்து, என் தலையைத் தன் மடியில் தாங்கி ஊட்டிவிட்டார்கள். அவர்கள் விரல்களில் சாம்பல் வாசம் இருந்தது. வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டது அன்றுதான். அதன்பின் நான் மருந்து கொடுத்த விதமே மாறிவிட்டது.

நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயா, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர். ஆறு ஆண்டுகளில் தாமே தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு மக்களிடையே வாழ்ந்தார். 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, அவர்களுடைய தியாகத்தையெல்லாம் மதித்துச் சொன்ன பிறகு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டார். 'நட்பு மட்டுமே மிச்சம்' என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது அவர்தாம் என் நினைவுக்கு வந்தார்.

அடுத்த மிஷனெரி ஞாயிறன்று சாட்சி சொல்ல அழைத்தால், தயங்காமல் போய் அந்தத் தாத்தாவைப் பற்றியே பேசுங்கள். அவருடைய மலையில் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் இறங்க வேண்டும், தவறாகச் சொன்ன சொல்லை அவர் எப்படித் திருத்துவார் என்பதையெல்லாம் சபை கேட்கட்டும். கடையையும் தண்டனையாக நினைக்காதீர்கள். ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் இன்று நம் ஊர்களில் இருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் பொருளின் பெயரைச் சுட்டுவிரலால் சொல்லும் சங்கடம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கக்கூடத் திணறுகிறவர்களோடு, மதமாற்ற எண்ணம் ஏதுமின்றி, துணைக்குப் போய் நிற்க உங்களால் முடியும்.

தாத்தாவிடம் சொல்ல எண்ணிக்கை தேவையில்லை, வெட்கமும் தேவையில்லை. வருகிற வியாழக்கிழமை மாமாவிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி அவரை அழையுங்கள். இந்தியில் வேண்டாம், மால்டோவிலேயே பேசுங்கள். சொல் மறந்திருந்தால் அவர் திருத்துவார்.